விண்டோஸ் 10 முடிந்துவிட்டது: வன்னியின் பழைய கணினிகளுக்காக யார், யாரிடம் கேட்பது?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. தனியாகப் பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் வரை ஓராண்டு நீடிப்பு அறிவிக்கப்பட்டது. கொழும்பில் ஒரு வங்கிக்கோ காப்புறுதி நிறுவனத்துக்கோ இது வருடாந்தச் செலவுக் கணக்கில் ஒரு வரி. ஓமந்தையிலும் புளியங்குளத்திலும் மாங்குளத்திலும் உள்ள பாடசாலைகள், சனசமூக நிலையங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், தொடர்பகங்கள் ஆகியவற்றுக்கு இது அப்படிப்பட்ட விடயமல்ல.

காரணம் எளிது. வன்னியில் இன்று இயங்கும் கணினிகளில் கணிசமானவை மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் நன்கொடையாக வந்தவை. புலம்பெயர் உறவுகளும் பழைய மாணவர் சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் கொடுத்தவை. அவற்றில் பல, வெளிநாட்டு அலுவலகங்கள் பாவித்து முடித்த கணினிகள். விண்டோஸ் 11 நிறுவுவதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியும் அதற்குப் பின்னர் வந்தவையும் வேண்டும் என்று மைக்ரோசொப்ட் நிபந்தனை விதித்திருக்கிறது. எட்டாம் தலைமுறைச் செயலி சந்தைக்கு வந்ததே 2017இன் பிற்பகுதியில். ஆகவே எமது கணினிகளில் பெரும் பங்கு, பழுதில்லாமல் இயங்கிக்கொண்டிருக்கும்போதே காலாவதியாகிவிட்டது.

ஓமந்தையிலும் அயற்கிராமங்களிலும் பழைய கணினிகளைத் திருத்திக் கொடுக்கும் வேலையை நான் செய்து வருகிறேன். கடந்த மாதங்களில் என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: “தம்பி, இதை இனி என்ன செய்யிறது?”

பதில்கள் நான்கு. புதிய கணினி வாங்கலாம். பாதுகாப்பு இல்லாமலே தொடர்ந்து ஓட்டலாம். குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றலாம். அல்லது லினக்ஸ் போன்ற திறந்த மூல இயங்குதளத்துக்கு மாறலாம். முதலாவதற்குப் பணம் இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் ஆபத்தானவை. நான்காவது இலவசம், சட்டபூர்வமானது, பத்து வருடப் பழைய கணினியிலும் நன்றாக ஓடும். அப்படியிருந்தும் பெரும்பாலானவர்கள் இரண்டாவதையும் மூன்றாவதையுமே தெரிவு செய்கிறார்கள். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

தடையாக நிற்பது லினக்ஸ் அல்ல

லினக்ஸ் கடினமானது என்று சொல்வது பழைய கதை. இணையத்தில் உலாவுவது, மின்னஞ்சல், ஒருங்குறியில் தமிழ் எழுதுவது, லிப்ரே ஒபிஸில் கடிதமும் கணக்கும் தயாரிப்பது, சூம் வகுப்பில் சேர்வது எல்லாவற்றையும் அதில் செய்யலாம். ஒரு பாடசாலை மாணவி இரண்டு நாளில் பழகிக்கொள்வாள். மாற்றம் நின்றுபோவது வேறு இடத்தில். அது ஒவ்வொரு இடத்திலும் ஒரேயொரு மென்பொருளாகவோ ஒரேயொரு கருவியாகவோ இருக்கிறது.

தொடர்பகத்துக்காரருக்கு அது பேஜ்மேக்கர். மரண அறிவித்தல், கோயில் திருவிழா அழைப்பிதழ், துண்டுப்பிரசுரம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0, 2001இல் வந்தது. அடோபி நிறுவனம் அதைக் கைவிட்டு நெடுங்காலமாகிவிட்டது. ஆனால் கோப்புகள் இருக்கின்றன. ஸ்ரூடியோ வைத்திருப்பவருக்கு அது போட்டோஷொப். வியாபார நிலையத்துக்கு அது கணக்கு மென்பொருள். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் அது உள்ளூரில் எழுதுவித்த ஒரு சிறு மென்பொருள். எழுதியவர் விண்டோஸுக்கு மாத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் எல்லாம் சரியாக மாறியது, அச்சுப்பொறி மாத்திரம் மறுத்துவிட்டது. அதைத் தயாரித்த நிறுவனம் லினக்ஸுக்கு வெளியிட்ட இயக்கி மிகப் பழையது, இன்றைய பதிப்புகளில் ஏறவில்லை. அந்த ஓர் அச்சுப்பொறிக்காக முழு அலுவலகமும் பழைய விண்டோஸுக்குத் திரும்பியது.

இது தயாரிக்க முடியாத காரியமல்ல. எச்பி நிறுவனம் தனது பெரும்பாலான அச்சுப்பொறிகளுக்கான லினக்ஸ் மென்பொருளைத் திறந்த மூலமாகவே வெளியிடுகிறது. காணொளித் தொகுப்புக்கான டாவின்சி ரிசோல்வ் மென்பொருள் தனியுரிமையானது; ஆனாலும் லினக்ஸிலும் கிடைக்கிறது. சூமும் கூகிள் குரோமும் அப்படியே. ஒரு நிறுவனம் தனது மூல நிரலை ஒளித்து வைத்துக்கொண்டே திறந்த இயங்குதளத்துக்கு ஆதரவு கொடுக்கலாம். அதைக் கொடுக்க வேண்டும் என்று கேட்பதில் நியாயக்கேடு எதுவும் இல்லை.

பாமினிக்குள் பூட்டப்பட்டவை

எமக்கென்று தனியாக இன்னொரு சிக்கல் உண்டு. இலங்கைத் தமிழர் நீண்ட காலமாகப் பாமினி எழுத்துருவில் எழுதி வந்தோம். இன்றும் பல அலுவலகங்களில் அதுதான். பாமினியில் “தமிழ்” என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். ஆனால் கணினி உள்ளே சேமித்து வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். எழுத்துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பொருளற்ற ஆங்கிலம்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். 2009இல் இறுதி யுத்தத்திலிருந்து வெளியேறிய பல்லாயிரம் பேர் ஓமந்தையைத் தாண்டித்தான் செட்டிகுளம் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். தங்கள் பிள்ளையை, கணவரை ஓமந்தையில் வைத்தே கடைசியாகக் கண்டதாகச் சாட்சியம் சொன்ன குடும்பங்கள் உண்டு. அந்தக் குடும்பங்கள் அன்றிலிருந்து இன்றுவரை கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றன. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு, செஞ்சிலுவைச் சங்கம், காணாமல் போனோர் அலுவலகம், ஜெனீவா என்று முகவரிகள் மாறின. அந்தக் கடிதங்களில் நிறைய, ஏதோ ஒரு தொடர்பகத்தில் பாமினியில் அடிக்கப்பட்டவை. வவுனியாவில் 2017 பெப்ரவரி முதல் தொடர் போராட்டத்தில் இருக்கும் தாய்மாரிடம் அச்சிட்ட பிரதிகள் கோவை கோவையாக இருக்கின்றன. அவற்றின் மூலக் கோப்புகள் எங்கோ ஒரு பழைய வன்தட்டில் இருக்கக்கூடும்.

அந்த வன்தட்டில் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் கணினிக்கு அது தமிழ்ப் பெயரே அல்ல. யுத்தத்தில் கண்பார்வையை இழந்த ஒருவர் திரைவாசிப்பானில் அந்தக் கடிதத்தைக் கேட்க முயன்றால், அது ஆங்கில எழுத்துகளைத்தான் உளறும். பேஜ்மேக்கரில் இருந்தால் கோப்பைத் திறப்பதே பிரச்சினை. ஆக, மென்பொருள் நிறுவனங்களிடம் ஆதரவு கேட்பது தொழில்நுட்ப ஆர்வலர்களின் பொழுதுபோக்கு அல்ல. எமது ஆவணங்களை நாமே திறந்து வாசிக்க முடியுமா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

இந்த இடத்தில் திறந்த மூலச் சமூகம் செய்திருக்கும் வேலையைச் சொல்ல வேண்டும். மூடிய கோப்பு வடிவங்களைத் திறப்பதற்காக ‘ஆவண விடுதலைத் திட்டம்’ என்ற பொருள்படும் பெயருடன் ஒரு முயற்சி 2014இல் அறிவிக்கப்பட்டது. அதன் பயனாக, 2015 தொடக்கத்தில் வந்த லிப்ரே ஒபிஸ் 4.4 பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கத் தொடங்கியது. கோரல்ட்ரோ, பப்ளிஷர் கோப்புகளையும் அது திறக்கும். பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸ் மென்பொருளின் 1.6 பதிப்பு 2024 ஜனவரியில் வந்தபோது ஒருங்குறித் தமிழும் அதில் ஒழுங்காக அமைந்தது. பாமினியை ஒருங்குறிக்கு மாற்ற, ஈழத்தமிழரான சுரதா யாழ்வாணன் உருவாக்கிய மாற்றியைப் பலரும் அறிவர். அது உலாவியிலேயே இயங்குவதால் எந்த இயங்குதளம் என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் இவை முழுமையானவை அல்ல. நிறுவனம் தனது கோப்பு வடிவத்தின் விபரத்தை வெளியிடாதபோது, தன்னார்வலர்கள் கோப்பை எண் எண்ணாகப் பிரித்துப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. பக்கம் குலைகிறது, படம் இடம் மாறுகிறது. நிறுவனம் ஓர் ஆவணத்தை வெளியிட்டாலே தீரக்கூடிய பிரச்சினை இது.

கேட்டால் கிடைக்குமா?

நிறுவனங்கள் சொல்லும் வழமையான பதில், “லினக்ஸ் பாவிப்பவர்கள் குறைவு, செலவுக்குக் கட்டாது” என்பது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. மேசைக்கணினிகளில் லினக்ஸின் பங்கு உலகளவில் சில விழுக்காடுதான். மென்பொருள் இல்லாததால் மக்கள் வருவதில்லை. மக்கள் வராததால் மென்பொருள் இல்லை. இந்த வட்டம் தானாக உடையாது.

வந்தவர்களும் நிலைத்து நிற்கவில்லை. கனடாவின் கோரல் நிறுவனம் 1999இல் சொந்தமாகவே ஒரு லினக்ஸ் வெளியிட்டது. 2000இல் கோரல்ட்ரோவை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் மைக்ரோசொப்ட் அந்த நிறுவனத்தில் 13.5 கோடி டொலரை முதலிட்டது. அடுத்த ஆண்டே லினக்ஸ் பிரிவு வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. மைக்ரோசொப்ட் தனது டீம்ஸ் மென்பொருளை 2019 டிசெம்பரில் லினக்ஸுக்கு வெளியிட்டு, 2022இல் அதை நிறுத்தி, உலாவி வழியாகப் பாவிக்கச் சொல்லிவிட்டது. அடோபியும் தனது பிடிஎப் வாசிப்பானின் லினக்ஸ் பதிப்பைக் கைவிட்டது. ஆகவே நிறுவனங்களின் நல்லெண்ணத்தை நம்பிக் காத்திருப்பது பயனற்றது.

மறுபக்கத்தில், அழுத்தம் வேலை செய்த இடங்களும் உண்டு. விண்டோஸ் சேவையகங்களுடன் மற்றவர்களின் மென்பொருள் பேசுவதற்குத் தேவையான விபரங்களை மைக்ரோசொப்ட் கொடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஆணைக்குழு 2004இல் உத்தரவிட்டது. நிறுவனம் வழக்காடியது. 2007இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஆணைக்குழுவின் பக்கம் நின்றது. அதே ஆண்டு டிசெம்பரில், சாம்பா என்ற திறந்த மூலத் திட்டம் அந்த ஆவணங்களைப் பெற்றது. அடுத்த ஆண்டு வேர்ட், எக்செல் ஆகியவற்றின் பழைய கோப்பு வடிவங்களின் விபரமும் பகிரங்கமாக வந்தது.

தென்கொரியாவின் கதை எமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கு இணைய வங்கிச் சேவையும் அரச சேவையும் அக்டிவ்எக்ஸ் என்ற மைக்ரோசொப்ட் தொழில்நுட்பத்தில் கட்டப்பட்டிருந்தன. விண்டோஸும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் இல்லாத ஒருவரால் தன் சொந்தப் பணத்தைக்கூட இணையத்தில் கையாள முடியவில்லை. கிம் கீசாங் என்ற சட்டப் பேராசிரியர் ‘திறந்த வலை’ இயக்கத்தின் பெயரில் வழக்குப் போட்டார். உச்சநீதிமன்றம் வரை போய்த் தோற்றார். ஆனால் கேள்வி மறையவில்லை. அந்த முறையின் அடித்தளமாக இருந்த அரச அங்கீகாரச் சான்றிதழின் தனியுரிமை நிலை 2020 டிசெம்பரில் நீக்கப்பட்டது. தோற்ற வழக்கும் ஒரு பதிவாக நின்றது.

எமக்குப் பக்கத்தில் கேரளம் இருக்கிறது. அங்கு அரச பாடசாலைகளின் கணினிக் கல்வி பல ஆண்டுகளாக லினக்ஸிலேயே நடக்கிறது. ஆசிரியர் பயிற்சி, பாடநூல், பரீட்சை எல்லாம் அதை வைத்தே. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் உமாசங்கரின் பொறுப்பில் இருந்த காலத்தில் லினக்ஸுக்கு மாறும் முயற்சி வேகமாக நடந்தது. பின்னர் அந்த வேகம் நிற்கவில்லை. ஜேர்மனியின் மியூனிக் நகரசபை 2003இல் தீர்மானித்து 2013 அளவில் மாற்றத்தை முடித்தது. 2017இல் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. அரசியல் தலைமை மாறியது ஒரு காரணம். சில சிறப்பு மென்பொருள்கள் லினக்ஸில் இல்லாதது இன்னொன்று. இப்போது அதே நாட்டின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம் சுமார் 30,000 அரச கணினிகளை மாற்றும் வேலையில் இறங்கியிருக்கிறது. கணினிகளை மாற்றினால் மட்டும் போதாது, மென்பொருள் தருபவர்களையும் கூடவே மாற்ற வேண்டும் என்பதே இவற்றிலிருந்து நான் எடுக்கும் பாடம்.

அனுமதி என்ற சொல்

ஓமந்தையில் இருப்பவர்களுக்கு அனுமதி என்ற சொல்லின் பாரம் தெரியும். யுத்த காலத்தில் வன்னிக்குள் எரிபொருளும் சீமெந்தும் பற்றறியும் தடைசெய்யப்பட்ட, கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள். 2002இல் ஏ9 வீதி திறந்த பின்னரும் ஒவ்வொரு பொதியும் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் அவிழ்த்துப் பார்க்கப்பட்டது. அந்தச் சாவடி 2015இல்தான் அகன்றது. மென்பொருள் உரிமத்தை அந்தத் துயரத்துடன் ஒப்பிடுவது சரியாகாது. ஆனால் எமது அன்றாட வேலை, எங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத ஒருவரின் அனுமதியில் தங்கியிருக்கக் கூடாது என்பதை நாங்கள் மற்றவர்களைவிட விரைவாக விளங்கிக்கொள்வோம் என்று நினைக்கிறேன்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். சில வாரங்களில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனது. அடோபி 2013 முதல் தனது முக்கிய மென்பொருள்களின் புதிய பதிப்புகளை மாத, வருடச் சந்தாவுக்கே கொடுக்கிறது. சந்தா டொலரில். கட்ட முடியாத மாதத்தில் மென்பொருள் நின்றுவிடும். இதனால்தான் வன்னியில் பாதிக்கு மேல் திருட்டுப் பிரதிகள் என்று கேலி செய்பவர்கள் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அவற்றை வியாபாரத்துக்குப் பாவிப்பது குற்றம். சட்டத்தைவிட உடனடியான ஆபத்தும் உண்டு. உடைத்த மென்பொருளுடன் வைரஸ் வருகிறது. இற்றைப்படுத்தல் நின்றுபோன கணினியில் அது சுலபமாகக் குந்திவிடும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் விபரம், காணிப் பிணக்கு ஆவணம், சாட்சிகளின் தொலைபேசி இலக்கம் என்பன அந்தக் கணினிகளில் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

என்ன கேட்பது, யார் கேட்பது

திறந்த மூல நண்பர்கள் சிலர் என்னுடன் உடன்பட மாட்டார்கள். தனியுரிமை மென்பொருளை லினக்ஸுக்கு வரச்சொல்லிக் கேட்பது சுதந்திரத்தை விட்டுக்கொடுப்பது என்பது அவர்களது வாதம். கொள்கையளவில் அதை மதிக்கிறேன். ஆனால் தொடர்பகத்துக்காரர் நாளைக்கு மரண அறிவித்தல் அடிக்க வேண்டும். பாதி வழியாவது வந்தவர் மீதி வழியையும் வருவார்; வாசலிலேயே நிற்பவர் வரமாட்டார்.

கேட்க வேண்டியவை ஐந்து. முதலாவது, லினக்ஸில் இயங்கும் பதிப்பு. இரண்டாவது, அது முடியாவிட்டால் எந்த உலாவியிலும் முழுமையாக இயங்கும் பதிப்பு. மூன்றாவது, அதுவும் முடியாவிட்டால் வைன் போன்ற இடைமென்பொருள் வழியாக லினக்ஸில் ஓடுவதைத் தடுக்காதிருப்பது. நான்காவது, கைவிட்ட மென்பொருள்களின் கோப்பு வடிவ விபரத்தைப் பகிரங்கமாக வெளியிடுவது. ஐந்தாவது, அச்சுப்பொறி, வருடி போன்றவற்றுக்கு இன்றைய பதிப்புகளில் ஏறக்கூடிய இயக்கிகள். நான்காவதுக்கு நிறுவனத்துக்கு ஏறக்குறைய செலவே இல்லை. எமக்கு மிகப் பெறுமதியானதும் அதுதான்.

ஓமந்தையிலிருந்து ஒருவர் எழுதும் மின்னஞ்சலுக்குக் கலிபோர்னியாவில் யாரும் பதில் எழுதப்போவதில்லை. எனவே பணம் கொடுப்பவரே கேட்க வேண்டும். பாடசாலைக்குக் கணினி கொடுக்கும் புலம்பெயர் சங்கங்கள், வாங்கும்போதே “இந்த அச்சுப்பொறி லினக்ஸில் இயங்குமா?” என்று எழுத்தில் கேட்கலாம், இல்லையென்றால் வேறொன்றை வாங்கலாம். மாகாணக் கல்வி அமைச்சும் வலயக் கல்வி அலுவலகங்களும் கேள்விப்பத்திரங்களில் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். பம்பைமடுவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். எந்தெந்த மென்பொருள், எந்தெந்த அச்சுப்பொறி லினக்ஸில் ஓடுகிறது, எது ஓடவில்லை என்ற பட்டியலை வன்னிக்காக அவர்கள் தயாரித்தால், கேட்பவர் கையில் ஆதாரம் இருக்கும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இந்த நாட்டின் தன்னார்வலர்கள் உருவாக்கிய சகானா என்ற திறந்த மூல அனர்த்த முகாமை மென்பொருள் பல நாடுகளில் பாவிக்கப்பட்டது. திறமைக்குக் குறைவில்லை.

எல்லாவற்றுக்கும் முதலில், எமக்கு அருகில் உள்ளவர்களிடம் கேட்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்துக்கும் தனியார் கல்வி நிலையத்துக்கும் வைத்திய நிலையத்துக்கும் மென்பொருள் எழுதித் தருபவர்கள் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகள்தான். உலாவியில் இயங்குமாறு எழுதினால் இயங்குதளப் பிரச்சினையே இல்லை. தரவை ஒருங்குறியில் வைத்து, வெளியே எடுக்க ஒரு வழியும் கொடுத்தால், எழுதியவர் வெளிநாடு போனாலும் சங்கத்தின் கணக்கு சங்கத்திடமே இருக்கும். இதை ஒப்பந்தத்தில் இரண்டு வரியாகச் சேர்ப்பதற்கு எந்த வல்லரசின் சம்மதமும் தேவையில்லை.

அதுவரை பழைய கணினிகளை எறிய வேண்டாம். ஒரு பாடசாலையில் பத்துக் கணினி இருந்தால் எட்டை லினக்ஸுக்கு மாற்றி, இரண்டை இணையத் தொடர்பு இல்லாமல் பழைய மென்பொருளுக்காக வைத்திருக்கலாம். பாமினிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, மூலக் கோப்பையும் அழிக்காமல், இரண்டு இடங்களில் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கடிதங்களும் பெயர்ப்பட்டியல்களும் முதலில் மாறட்டும். திருவிழா அழைப்பிதழ்கள் ஆறுதலாக மாறலாம்.

நிறுவனங்களுக்கு எழுதும் கடிதத்தைத் தனித்தனியாக எழுத வேண்டாம். பாடசாலைகள், சங்கங்கள், தொடர்பகங்கள் ஒன்றாகக் கையெழுத்திட்டு, எத்தனை கணினி, எந்த மென்பொருள், எதற்காகத் தேவை என்று எண்ணிக்கையுடன் எழுதுங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். அந்த மறுப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த முறை எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்று தீர்மானிக்க முடியும்.